பச்சை பிடிக்கும் வரை

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது எங்கள் வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து, நடவுக்கு வந்திருந்த பெண்களுக்கான டீயைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளி நிறைய ஊற்றுகிறவளுக்கு அதில் ஒரு வாய் கிடையாது. அன்றைக்குக் குடிக்க அனுமதித்திருந்த தண்ணீரில் பாதியைக் காலை மாத்திரைகளோடு விழுங்கித் தீர்த்திருந்தேன். மீதிப் பாதி ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில், தட்டு போட்டு மூடி, அலமாரியில் இருந்தது. அதை எப்போது, எத்தனை வாயாகக் குடிப்பது என்பதுதான் அன்றைய என் பெரிய திட்டம்.

எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து தஞ்சாவூருக்குப் போய் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன்பு நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பலகையில் சிறுநீரகம் வரைந்து, அவரை விதை மாதிரி இருக்கும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். பலகையில் வரைந்த சிறுநீரகத்துக்கு ஒரு கோளாறும் வருவதில்லை. என்னுடையதற்கு வந்து, உடம்பு தளர்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தேன்.

சுற்றிலும் தண்ணீராக இருக்கிற ஊரில் அளந்து குடித்து வாழ்வது எப்படிப்பட்ட எரிச்சல் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே முகம் மலர்ந்து திரியும். எனக்குக் கோபம் வரும். வயலுக்கெல்லாம் வயிறு முட்டக் கொடுக்கிறார்கள், எனக்கு மட்டும் கால் டம்ளர் என்று முணுமுணுப்பேன். பார்க்க வருகிற உறவுக்காரர்கள் ஆளுக்கு நாலு இளநீரோடு வருவார்கள். டெல்டாக்காரர்களுக்கு எந்த நோயாளியைப் பார்க்கப் போனாலும் இளநீர்தான். சிறுநீரகம் போனவளுக்கு இளநீர் விஷம் மாதிரி, அதில் இருக்கிற பொட்டாசியம் நெஞ்சையே நிறுத்திவிடும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. "ஒரே ஒரு காய் குடி, குளிர்ச்சிதானே" என்பார்கள். அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் வரிசையாகச் சீவிக் குடிப்பார். நான் பார்க்காதபோது குடித்திருந்தால் பரவாயில்லை. என் எதிரில் உட்கார்ந்து, உறிஞ்சி, ஏப்பம் விடுவார்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை நிலம் என்று விவசாயம் பார்க்கிறவர். என்னைக் கல்யாணமான நாளிலிருந்து டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு நோய் வந்தவுடன், யாரும் கேட்பதற்கு முன்பே தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுப்பதாகப் போய் நின்றவர். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, உங்களிடமிருந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர்தான், ஊர் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு, இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கலாம் என்று பேச்சு எடுத்தாலே அவருக்குப் பிடிக்காது. பெண்ணுக்கு வருகிற வரனையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிற தகப்பனைப் போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை கண்டுபிடிப்பார். தன்னுடையதே ஆகாது என்றான பிறகு வேறு எவருடையதும் தன் பெண்டாட்டிக்கு ஆகிவிடக் கூடாது என்று ஒரு வீம்பு. அன்பு சில ஆட்களிடம் இப்படித்தான் கோணலாக வெளியே வருகிறது.

நான் அவரைக் கேட்காமலேயே பதிவு செய்துவிட்டேன்.

அந்தப் போன் அதற்குத்தான். திருச்சி ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று வேலைகளைக் கவனிக்கிற பெண் பேசினார். "அம்மா, உங்க குரூப்புக்கு ஒரு கிட்னி கிடைச்சிருக்குங்க. ஆனா சில விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். குடுத்தவங்க வயசானவங்க. வேற ஊர்லேருந்து வருது. மெஷின்ல வச்சுத்தான் கொண்டு வர்றாங்க. போட்ட உடனே வேலை செய்யாம கொஞ்ச நாள் தூங்கலாம். யோசிச்சு சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

அதே நேரத்தில் டீ வாளியை எடுத்துப்போக என் வீட்டுக்காரர் முழங்கால் வரை சேறோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"பறிச்சு எவ்ளோ நேரமாச்சுங்க?"

"எதைங்க?" என்றார் அந்தப் பெண். "எடுத்துங்க, எடுத்து எவ்ளோ நேரமாச்சுன்னு கேக்குறேன்" என்று திருத்திக்கொண்டார்.

அவருடைய புத்தி வயலைவிட்டு வரவில்லை. நாற்றங்காலில் பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டி, வேர் காயாமல் ஓடுகிற வாய்க்கால் தண்ணீரில் நிறுத்தி வைப்பார்கள். காலையில் பறித்ததைப் பொழுது சாய்வதற்குள் நட்டுவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். வாடின நாற்று முடியைக் கண்டால் நடவுப் பெண்களின் கையிலிருந்து பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுவார். இப்போது என் சிறுநீரகத்தையும் அந்தக் கண்ணோடுதான் விசாரித்தார். எடுத்து எவ்வளவு நேரம் ஆனது, வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், வழியில் மெஷினுக்குக் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மும்முனை மின்சாரத்தை நம்பிப் பயிர் வைத்தவருக்கு அந்தக் கடைசிக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பேட்டரி இருக்கிறது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வேணாம்னு சொல்லிடு டீச்சர். வயசானவங்க கிட்னி, வேற ஊர்லேருந்து வருது, மெஷின்ல வருது, வந்தும் தூங்குமாம். இவ்ளோ குறைய வச்சுக்கிட்டு யாராச்சும் சரின்னு சொல்லுவாங்களா?"

"உங்களுக்கு என்ன எளவயசா? நீங்களும் வயசான ஆளு, மத்தியானம் சாப்பிட்டா தூங்குற ஆளு. உங்களோட நான் குடித்தனம் பண்ணலையா?" என்றேன்.

போனை வாங்கி, "வர்றோம்மா" என்று சொல்லிவிட்டேன். தைரியத்தில் சொன்னதாக நினைக்க வேண்டாம். அலமாரியில் இருந்த அந்த டம்ளர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

பக்கத்து வயல்காரரிடம் நடவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காரில் கிளம்பினோம். வயலைத் தாண்டும்போது பாதி வயல் பச்சையாகவும் பாதி வெறும் தண்ணீராகவும் இருந்தது. என் வீட்டுக்காரர் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டுதான் ஏறினார். ஆனாலும் நகக்கண்ணில் இருந்த சேறு திருச்சிவரை வந்தது. அதைப் பார்த்த நர்ஸ் ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீரையும் ஒரு பிரஷ்ஷையும் கொடுத்து, தேய்த்துவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் டாக்டர் ஒரு பெண். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ரத்தப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் பெட்டியில் கொண்டுவருவதைத்தான் டி.வி.யில் காட்டுகிறார்கள், அதுதானே வழக்கம், இது என்ன புதிதாக மெஷின் என்று கேட்டார்.

டாக்டர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். ஐஸ் பெட்டியில் சிறுநீரகம் குளிர்ச்சியில் சும்மா கிடக்கும். மெஷினில் வைத்தால், அதன் ரத்தக்குழாயில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, குளிர்ந்த ஒரு திரவத்தை விடாமல் உள்ளே ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே இருக்கிற நுண்குழாய்கள் அடைந்துபோகாமல் திறந்தபடி இருக்கும். திரவம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பது திரையில் தெரியும். வயதானவர்களிடமிருந்து எடுத்த சிறுநீரகத்துக்கு இது கூடுதல் உதவி. போட்ட பிறகு தூங்கிவிடுகிற ஆபத்து இதனால் குறைகிறது.

"குறையுதுதான். இல்லாமப் போயிடாதுங்க ஐயா" என்று முடித்தார் டாக்டர். அந்த நேர்மைதான் எனக்கு அவரிடம் பிடித்தது. என் வீட்டுக்காரருக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அவர் அந்த மெஷினைப் பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. என்னை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்த பிறகு, வராந்தாவில் அவர் நின்றிருந்தபோது அதைத் தள்ளிக்கொண்டு போனார்களாம். ஒரு பெட்டி, ஒரு சின்னத் திரை, அதில் மாறி மாறி வருகிற எண்கள், அதைச் சுற்றி வேகமாக நடக்கிற ரெண்டு பேர். பின்னாளில் என்னிடம் விவரித்தார்: "சத்தமே இல்ல டீச்சர். நம்ம மோட்டாரு ஊருக்கே கேக்கும். இது காதுகிட்ட வச்சாத்தான் கேக்கும் போலருக்கு. ஆனா ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒரு நிமிஷம் நிக்கல." அப்போது அவரையும் அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். பெட்டிக்கா, அதற்குள் இருந்ததற்கா, அதைக் கொடுத்தவருக்கா என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான்" என்றார்.

மயக்கம் தெளிந்து நான் முதலில் கேட்டது தண்ணீர். ஈரப் பஞ்சை உதட்டில் ஒற்றினார்கள். இரண்டாவது கேட்டது, வேலை செய்கிறதா என்று. நர்ஸ் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "இப்பதானேம்மா வச்சிருக்கு" என்றார். கீழே தொங்கிய பையில் அடியில் கொஞ்சம், லேசான சிவப்பாக, ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் சிறுநீர்.

மறுநாளும் அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாளும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் நன்றாகப் பாய்கிறது, குழாயில் அடைப்பு ஏதும் இல்லை, ஆனால் வேலையைத் தொடங்கவில்லை. "தூங்குதும்மா. நாங்க சொன்னோமே, அதான்" என்றார் டாக்டர். மறுபடி டயாலிசிஸ். மறுபடி அளந்த தண்ணீர். புதுச் சிறுநீரகத்தை வயிற்றின் வலப்பக்கம் கீழே வைத்துத் தைத்துக்கொண்டு, பழைய மெஷினில் கையை நீட்டிப் படுத்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது.

வெளிப்படையாகச் சொல்வதென்றால், பயந்தேன். சாவுக்கு இல்லை. இது கடைசிவரை எழுந்திரிக்காமலே போனால் என்ன செய்வது என்ற பயம். மறுபடி அந்தக் கால் டம்ளருக்குத் திரும்பி, இனி எதையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும். அதைவிட மோசமாக இன்னொன்று அரித்தது. ஏதோ ஒரு ஊரில் ஒரு குடும்பம் அழுதுகொண்டே கொடுத்த ஒன்று, எத்தனையோ பேர் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து சேர்த்த ஒன்று, என் உடம்புக்குள் வந்து வீணாகப் போகிறதோ என்று தோன்றியது.

கொஞ்சம் தேறியதும் முகக்கவசம், தொப்பி, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கூட இருக்க விட்டார்கள். அவர் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்வார் என்று எதிர்பார்த்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைமடையில் மண்வெட்டியோடு தண்ணீருக்குக் காத்திருக்கிறபோது அவர் உட்காருகிற அதே உட்காரல். பிறகு குழாயில் எங்காவது மடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பையை இன்னும் கொஞ்சம் தாழ்வாக மாட்டினார். "மேட்டுல இருந்தா எப்படிங்க வடியும்?" என்று நர்ஸிடம் நியாயம் பேசினார். இனி குழாயைத் தொட்டால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று நர்ஸ் விரலை ஆட்டிச் சொன்னதும்தான் கையை எடுத்தார்.

அதோடு ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் உள்ளே வந்ததும், "அவங்க எந்திரிச்சாச்சா?" என்று கேட்பார். யாரைக் கேட்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. என் வயிற்றின் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அதென்ன அதுக்கு அவங்க?" என்றேன்.

"வயசானவங்கன்னு சொன்னாங்கல்ல. எந்த வீட்டுப் பெரியவங்களோ. நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க. அதுன்னா கூப்புடுவாங்க?"

வேண்டாம் என்று வாதாடிய மனுஷன், வந்துவிட்ட பிறகு மரியாதையைக் குறைக்கவில்லை. எனக்கு அன்று அவர் மேல் இருந்த கோபமெல்லாம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை இளநீர்க் கணக்கில் வைத்திருக்கிறேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது. டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் சில நாட்கள் பார்ப்போம், அதற்கும் அசையவில்லை என்றால் ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் போன நேரத்தில் அவருடைய போன் அடித்தது. பக்கத்து வயல்காரர். இவர் கதவுக்கு வெளியே போய் நின்று பேசினார். இவர் பேசினால் கதவு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நட்ட பயிர் மஞ்சளடித்துத் துவண்டு கிடக்கிறது, ரெண்டு மூட்டை யூரியா வாங்கி வீசிவிடட்டுமா என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான்.

"தொட்டா பாருங்க!" என்று இவர் கத்தினார். "நட்ட பயிரு மஞ்சளடிக்காம வேற என்னத்த அடிக்கும்? இடம் மாறி வந்திருக்குல்ல? வேரு புடிக்கணும், பச்சை புடிக்கணும், அதுவரைக்கும் யாரும் வயல்ல காலையே வைக்காதீங்க. தண்ணிய மட்டும் அளவா நிறுத்துங்க. அவசரப்பட்டு யூரியாவ வீசினா அது எதை வச்சு எடுத்துக்கும்? எல்லாம் தண்ணியோடதான் போவும். பயிரு தன்னால எந்திரிக்கும், உங்க வேலையப் பாருங்க!"

போனை அணைத்தார். உள்ளே வந்தார். டாக்டருக்கு எதிரில் நின்று, அதே மூச்சில், "டாக்டரம்மா, இத்தன நாளாச்சு. எழுப்புறதுக்கு ஒரு ஊசி போட மாட்டீங்களா? எவ்ளோ செலவானாலும் பரவால்லீங்க. ஸ்ட்ராங்கா ஏதாச்சும் போடுங்க. இப்படியே சும்மா பாத்துக்கிட்டு இருந்தா எப்படிங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. தையல் இழுத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்த முடியவில்லை. டாக்டர் பதறிப்போய் என்னம்மா என்று கேட்டார்.

"இவரு யூரியா கேக்குறாரு டாக்டர்" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. இவருக்கு உடனே புரிந்துவிட்டது. வாய் திறந்தபடி நின்றார். முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்ணில் முதலில் கோபம், பிறகு ஒரு அசடு. வயலில் அவர் எத்தனையோ பேருக்குச் சொன்ன, எத்தனையோ பேரைத் திட்டிய ஒரே விஷயம் இதுதான். நாற்றங்காலில் செழிப்பாக இருந்த நாற்றுதான், பிடுங்கி வேறு சேற்றில் ஊன்றியதும் சில நாள் செத்ததுபோலக் கிடக்கும். அப்போது பதறுகிறவன் பயிரைக் கெடுப்பான். இதைத் தெரிந்துகொண்டே, பெண்டாட்டி வயிற்றில் நட்டதற்கு உரம் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

டாக்டருக்கு நான் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு இவரிடம் திரும்பினார். "ஐயா, எழுப்புறதுக்குன்னு ஊசி ஒண்ணும் இல்லைங்க. உடம்பு அதை ஒதுக்கிடாம இருக்க மருந்து குடுக்குறோம். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்குறோம். தண்ணியை அளவா வச்சிருக்கோம். மீதியை அதுதான் பண்ணணும். உங்க பயிரு எந்திரிச்சிடும்னு உங்களால அடிச்சுச் சொல்ல முடியுது. என்னால அப்படி உறுதி குடுக்க முடியாது. ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு. மெஷின்ல வச்சிருந்தப்ப அதுக்குள்ள ஓட்டம் நல்லா இருந்துச்சு, நான் பார்த்தேன்."

"ஓடிக்கிட்டே இருந்துச்சுங்க. நானும் பாத்தேன்" என்றார் இவர், மெல்ல.

டாக்டர் போன பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். பைக்கு எதிரில் போட்டிருந்த ஸ்டூலை எடுத்து ஜன்னல் பக்கம் போட்டு, எனக்கும் பைக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். என்ன என்று கேட்டதற்கு, "நட்ட வயலப் போயிப் போயிப் பாக்கக் கூடாது" என்றார். அன்று முழுக்கத் திரும்பவில்லை. மறுநாளும் அப்படியே. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துகிற இடம் மட்டும்தான் தெரியும். எந்தக் கார் எப்போது வந்தது, எவன் சரியாக நிறுத்தவில்லை என்று எனக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கத் துடிக்கிறார் என்று அவருடைய கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வயல் என்னை முந்திக்கொண்டது. பயிர் பச்சை பிடித்துவிட்டது என்று பக்கத்து வயல்காரர் போனில் படம் அனுப்பினார். இவர் அதை எனக்குக் காட்டிவிட்டு, உடனே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சந்தோஷப்பட அவருக்கு வெட்கமாக இருந்தது போலிருக்கிறது.

பிறகு ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தார். நான் ஒருக்களித்துப் படுத்திருந்தவள் தற்செயலாகக் கீழே பார்த்தேன். பையின் அடியில் வழக்கமாகத் தெரிகிற அளவுக் கோட்டைக் காணவில்லை. அதற்கு மேலே இன்னொரு கோட்டில் சிறுநீர் நின்றிருந்தது. சிவப்பு இல்லை. வெளிறிய மஞ்சள். கண் மயங்குகிறதோ என்று இமைத்துவிட்டுக் குழாயைப் பார்த்தேன். ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அது விழுவதற்குள் அடுத்தது திரண்டுகொண்டிருந்தது.

நான் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று தோன்றியது. பல வருடம் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டின வேலை, இப்போது என் கண்ணெதிரே, யாரோ ஒருவருடைய தயவில் நடந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகான எதையும் அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. மூத்திரத்தைப் பார்த்து இப்படி எழுதுகிறாளே என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

"ஏங்க, திரும்புங்க" என்றேன்.

திடுக்கிட்டு விழித்தார். "வேணாம் டீச்சர். நான் பாக்கல."

"திரும்புங்கன்னா."

திரும்பினார். குந்தி உட்கார்ந்து பையைப் பார்த்தார். விரலை நீட்டினார், நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்து மடக்கிக்கொண்டார். பிறகு எழுந்து, என் வயிற்றுக்கு நேரே குனிந்து, "வாங்க" என்றார். வீட்டு வாசலில் வந்து நிற்கிற பெரியவர்களைக் கூப்பிடுகிற அதே குரல். அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

அடுத்து வந்த நாட்களில் பை நிறைந்து நிறைந்து, நர்ஸுகளுக்கு ஊற்றி அளக்கவே நேரம் போதவில்லை. டயாலிசிஸை நிறுத்தினார்கள். இப்போது புதுத் தொல்லை. தண்ணீர் குடிங்க, குடிங்க, இன்னும் குடிங்க என்றார்கள். எத்தனை வருட ஆசை. பெரிய டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தால், பாதியில் என் கை தானாக நின்றுவிடும். மீதியை மூடிவைக்கத் தட்டு தேடும். தொண்டை அவ்வளவு தண்ணீரை நம்ப மறுத்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணிக்கு முறை வச்ச காலம்லாம் போயிடுச்சு டீச்சர். ஆத்துல தண்ணி ஃபுல்லா வருது. குடி" என்று நச்சரிப்பார். சிறுகச் சிறுகத்தான் பழகினேன். ஊருக்கு வந்த பிறகும், ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்து முடித்ததாக ஞாபகமே இல்லை. பாதி குடிப்பேன், மூடி வைப்பேன், பிறகு மீதி.

பொங்கல் வந்தது. அறுவடை மெஷின் வருவதற்கு இன்னும் சில நாள் இருந்தது. அன்றைக்கு நட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் விட்டுவிட்டுப் போன அதே வயலில், பொங்கலுக்கென்று ஒரு மூலையில் மட்டும் அரிவாளால் அறுத்துவந்து புது அரிசி எடுத்தோம். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முதல் நாள் இறந்துபோன பெரியவர்களுக்குப் படைப்பது வழக்கம். இலை போட்டு, சமைத்ததையெல்லாம் பரிமாறி, பக்கத்தில் தண்ணீர் வைத்து, அவர்களுக்கென்று எடுத்த புதுத் துணியையும் வைத்துக் கும்பிடுவோம். என் மாமனாருக்கு வேட்டி, மாமியாருக்குப் புடவை. கும்பிட்ட பிறகு அதை வீட்டில் இருப்பவர்கள் உடுத்திக்கொள்வோம்.

அந்த முறை இன்னொரு இலை போட்டிருந்தார். அதற்கு முன்னால் ஒரு வேட்டியும் ஒரு புடவையும் சேர்த்து வைத்திருந்தார்.

"எதுக்குங்க ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஆம்பளயா பொம்பளயான்னு நமக்குச் சொல்லலையே. ஒண்ண மட்டும் வச்சு, அது மாறிப்போச்சுன்னா?"

யார் கொடுத்தது என்பதை ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் விதி. வயசானவங்க, வேற ஊர், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அந்த இலைக்குப் பக்கத்தில் இருந்த டம்ளரிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. மற்ற இலைகளுக்குப் பக்கத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீர். இதற்கு மட்டும் காய்ச்சின தண்ணீர். நான் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவர் படையல்வரைக்கும் கடைப்பிடித்திருக்கிறார்.

சூடம் ஏற்றினார். முதலில் தன் அப்பாவைக் கூப்பிட்டார், பிறகு அம்மாவை, பிறகு என்னைப் பெற்றவர்களை. அந்த இலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கூப்பிடப் பெயர் இல்லை. சூடம் எரிந்துகொண்டிருந்தது. "எங்க வீட்டுக்கு வந்தவங்க..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் கும்பிட்டு, சூடம் அணையும்வரை நின்றேன். பிறகு அந்த டம்ளரைக் கையில் எடுத்தேன். தண்ணீர் ஆறியிருந்தது. அந்தப் பெரியவருக்கு இந்தத் தண்ணீர் போய்ச் சேர என் வாயைத் தவிர இந்த உலகத்தில் வேறு வழி கிடையாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயில் வைத்தேன். பாதியில் கை நிற்கவில்லை. அடிவரை குடித்தேன்.

அவர் காலி டம்ளரை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றார். என்னை அவர் ஒருநாளும் அப்படி மரியாதையாகக் கேட்டதில்லை.

"ஊத்துங்க" என்றேன்.